சனிக்கிழமை கணக்கு வகுப்புக்கு ஐந்து அட்டைத் துண்டுகள்

கேள்வி: எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பில் கணக்கைச் சட்டென்று போட்டு முடித்துவிடும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தலாமா?

பதில்: வேண்டாம். இப்போது நடத்திவிட்டால் ஆறாம் வகுப்பில் தெரிந்ததையே கேட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது உடனே விடை வராத கணக்கு. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டில் நான்கு கட்டங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் எத்தனை வடிவம் வரும்? சிலர் ஐந்து என்பார்கள், சிலர் ஏழு. திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடும் வடிவங்களைத் தனித்தனியாக எண்ணினால் ஏழு வரும். யார் சொன்னது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெட்டித் திருப்பிப் பார்த்து அவர்களே வாதாடட்டும். பிறகு திருப்பலாம் என்று முடிவு செய்து ஐந்தோடு நில்லுங்கள்.

அடுத்து, 3 செ.மீ. கட்டங்களாக அட்டையில் அந்த ஐந்தையும் வெட்டி, 12 × 15 செ.மீ. செவ்வகத்தை நிரப்பச் சொல்லுங்கள். இருபது கட்டம், இருபது இடம், ஆனாலும் நிரம்பாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வகுப்பு அத்தோடு முடிந்தது. அரை மணி நேரமாவது முட்டி மோதட்டும். அதற்குப் பிறகு செவ்வகத்தைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொரு துண்டும் எத்தனை கறுப்பை மறைக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான்கு துண்டுகள் இரண்டுக்கு இரண்டு. ‘T’ எழுத்துபோல் இருப்பது மட்டும் மூன்றுக்கு ஒன்று. மொத்தம் 11, 9 என்றாகும். பலகையிலோ 10, 10. ‘முடியவில்லை’ வேறு, ‘முடியவே முடியாது’ வேறு என்பது பிள்ளைக்குப் பிடிபடும் இடம் இதுதான்.

முந்திக்கொண்டு விடையைக் கத்தும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. விடையை நோட்டில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். முடித்தவர்கள் இருவர் தங்கள் துண்டுகளைச் சேர்த்து 5 × 8 கட்டப் பலகையை நிரப்பட்டும்; அது முடியும், ஆனால் நேரம் பிடிக்கும்.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுக்காதீர்கள். இதே புதிரை வகுப்பு முழுவதற்கும் ஒருமுறை கொடுத்து, மணி அடித்த பிறகும் துண்டுகளை விடாதவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஐந்து கட்ட வடிவங்கள்: மொத்தம் 12.