கோயில் கமிட்டியில் இருப்பவர் குடியை எப்படி நிறுத்துவது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 46. தினமும் ராத்திரி ஒரு நிப் (200 மில்லி பாட்டில்) வோட்கா. காவடி விரதம் பத்து நாளும் தொடவே மாட்டேன். ஆனால் முதல் இரண்டு நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். கோயில் கமிட்டியில் இருக்கிறேன். கிளினிக் வாசலில் என் காரைப் பார்த்தால் ஊரே பேசும். ஆன்லைன் சிகிச்சையால் பலன் உண்டா?

பதில்: அன்புச் சகோதரருக்கு, பலன் உண்டு. ஆனால் முதலில் ஒரு டாக்டரை நேரில் பார்த்துவிடுங்கள்.

விரதக் களைப்பு என்று நீங்கள் நினைத்திருக்கும் அந்த நடுக்கம், தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று மது நின்றதும் தவிப்பது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவமெல்லாம் தெரியும், உயிரே போகலாம். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம் வேண்டாம். 43 சதவீத வோட்கா 200 மில்லியில் கிட்டத்தட்ட 68 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ‘ஒரு நிப்தானே’ என்று தள்ளிவிடும் அளவா இது? மாத்திரையும் தயமின் வைட்டமினும் கொடுத்து டாக்டர் பத்திரமாக நிறுத்த வைப்பார். அதுவரை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டாக்டர் உங்கள் ஏரியாவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டர்பன் பெரிய ஊர்.

அதன்பின் ஆன்லைனில் தாராளமாகச் சேருங்கள். முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசியதை எழுத முடிந்தது என்று பலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் தூங்கியபின், ஆசை தலைதூக்கும் அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதலாம். அன்றைக்கு எவ்வளவு குடித்தீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்று தினமும் குறிக்கச் சொல்வார்கள். ‘வெள்ளிக்கிழமை, சம்பளம் வந்தது, மச்சான் வந்தான், இரண்டு நிப்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். குறைத்து எழுதினால் பணமும் நேரமும்தான் வீண். நாலு வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் எந்த நாள், யாரோடு என்பது உங்களுக்கே பிடிபடும்.

இதில் குறையும் உண்டு. பாடத்தைப் படி, கேள்விக்கு டிக் போடு என்று தனியே விட்டால் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எழுதியதைப் படித்து ஒரு மனிதர் பதில் போடுவதுதான் பலரைத் தொடர வைக்கிறது. அப்படி வாராவாரம் பதில் எழுதும் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். சைக்காலஜிஸ்ட் என்றால் ஹெச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் தனிமை கிடைக்காவிட்டால் காரை ஓரமாக நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பேசுங்கள். டேட்டா செலவு கட்டுப்படியாகாவிட்டால் வீடியோவை விட்டு எழுத்து வழியே போதும்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ராத்திரி வலிப்பு வந்தால் 10177க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆள் வேண்டுமே. டாக்டரைப் பார்க்கும் முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 0800 12 13 14 என்பது குடி, போதைப் பழக்கத்துக்கான இலவச உதவி எண். பெயர் சொல்லாமலே பேசலாம்.