ஹோலிகா நெருப்புக்குக் கைக்குழந்தையோடு போகலாமா?

இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை, பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா மாசியிலோ பங்குனியிலோ வரும் ஹோலிப் பௌர்ணமியன்று பூங்காவில் தீ மூட்டி நடத்தும் ஹோலிகா தகனத்துக்குக் குழந்தையோடு வரச் சொல்கிறார், போகலாமா, அது என்ன சடங்கு என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கூடவே கவுன்சில் வரி, பழைய கார், பள்ளிக்கூடம் என்று ஒரு பட்டியல். அதெல்லாம் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நெருப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டாயம் போங்கள். ஆனால் வீட்டுக் கொல்லையில் நீங்களாக எதையும் கொளுத்தாதீர்கள். 2004இல் நான் வந்த புதிதில் சில பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கூட இருந்த ஒருவர் ஹோலிக்கு முந்தின சாயங்காலம் பெயின்ட் அடித்த பழைய பலகைகளைக் கொல்லையில் போட்டுப் பற்றவைத்துவிட்டார். மார்ச் மாதக் காற்றைச் சொல்ல வேண்டுமா! பக்கத்து மரவேலி பிடித்துக்கொண்டது, தீயணைப்பு வண்டி வந்தது. நான் வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அப்படியும் வீட்டுக்காரர் என் முன்பணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. 2007க்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. முன்பணம் வாங்கினால் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிந்து பாதுகாக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பதிந்தாரா என்று முதலில் பாருங்கள்.

பூங்காவில் அந்தப் பயம் இல்லை. அதைப் பொறுப்பெடுத்து நடத்தும் குஜராத்திகளை நான் மதிக்கிறேன். 1972இல் உகாண்டா அதிபர் இடி அமீன் அங்கிருந்த இந்தியர்களைத் துரத்தியபோது, ‘லெஸ்டருக்கு வராதீர்கள்’ என்று இந்த ஊர் நகராட்சியே உகாண்டா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அப்படியும் வந்தார்கள், கடை போட்டார்கள், பண்டிகையையும் விடவில்லை. கோடையில் வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் டிக்கெட் போட்டு வண்ணப்பொடி தூவிவிட்டு அதை ஹோலி என்று சொல்கிறவர்களும் நம்மவர்களில் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பௌர்ணமி இல்லை, தீ இல்லை, அப்புறம் என்ன ஹோலி?

பெண்கள் சொம்பிலிருந்து நீரைச் சன்னமாக ஊற்றிக்கொண்டே தீயை வலம் வருவார்கள். சோளப்பொரி, கடலை, பேரீச்சம்பழம் போடுவார்கள். முழுத் தேங்காயையும் உள்ளே உருட்டிவிடுவார்கள். ஓடு கருகி வெடித்ததும் நீளக் கழியால் வெளியே இழுத்து உடைத்து ஆளுக்கொரு பத்தை தருவார்கள். புகை ஏறிய அந்தத் தேங்காய்க்காகவே போகலாம். முதல் ஹோலி காணும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதும் அவர்கள் வழக்கம். நீங்கள் நன்றாகத் தள்ளி ஒரு சுற்று வந்துவிட்டு, புகை போகாத பக்கமாக நின்றால் போதும். புகை குழந்தைக்கு ஆகாது. உங்கள் மனைவி நைலான் துப்பட்டா போட வேண்டாம். தரை சேறாக இருக்கும், பூட்ஸ் வேண்டும்.

கதை கேட்டீர்கள். பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் உட்கார்ந்த அத்தை ஹோலிகா, இரணியனின் தங்கை. தீ சுடாத வரம் பெற்றவள் எரிந்தாள், பிள்ளை பிழைத்தான். கம்பனின் இரணியன் வதைப் படலத்திலும் பிரகலாதனைத் தீயில் இடுகிறார்கள், ஆனால் இந்த அத்தை அங்கே இல்லை. அதனால்தான் நம்மில் பலருக்கு அவளைத் தெரியாது. குழந்தைகளைப் பிடித்து வருத்திய துண்டி என்னும் அரக்கியைப் பிள்ளைகளே கூச்சல் போட்டுத் தீமூட்டி விரட்டியதாக இன்னொரு கதை உண்டு. உங்கள் பக்கத்து வீட்டம்மா குழந்தையைக் கொண்டுவரச் சொல்வதை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

“அது வடக்கத்திக்காரர் பண்டிகை, நமக்கென்ன” என்று இங்குள்ள தமிழர்கள் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த கதையையும் இந்தப் பௌர்ணமியோடு சேர்த்துத்தானே சொல்கிறார்கள்? அவர் எரித்த தலமென்று கும்பிடும் திருக்குறுக்கை மாயவரத்துப் பக்கம்தான். நான் அந்தப் பக்கத்துக்காரன். தஞ்சை கிராமங்களிலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் காமன் கம்பம் நட்டு, ரதி மன்மதன் வேடம் கட்டி, கடைசியில் தகனம் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு லாவணி உண்டு. மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, தப்பட்டையைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். என் தாத்தா எரியாத கட்சி. ரதி கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் மீட்டுக் கொடுத்த பிறகு அவன் எரிந்தான் என்று எப்படிச் சொல்வாய் என்று மறுநாள் டீக்கடையிலும் விடமாட்டார். போன வருடம் பூங்காவில் தேங்காய்க்குக் காத்து நிற்கும்போது இதைப் பக்கத்தில் நின்ற குஜராத்திப் பெரியவர்களிடம் சொன்னேன். உடனே அவர்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது.