பட்டனை அமுக்கினால் வெயில் குறையுமா?

கேள்வி: போயிங் 787 விமானத்தில் ஜன்னலுக்கு மூடியே இல்லை, பட்டனை அமுக்கினால் கண்ணாடி நீலமாக இருண்டுவிடுகிறது. எங்கள் ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், மாலையில் ஏசி போட்டும் புழுங்குகிறது. அந்தக் கண்ணாடி வீட்டுக்குக் கிடைக்குமா? கடையில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று ஒன்றைக் காட்டினார்கள். (மதுரை வாசகர்)

பதில்: கட்டடங்களுக்கென்றே அப்படிக் கண்ணாடி செய்கிறார்கள். ஆனால் கடையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வேறு சரக்கு. கரண்ட் கொடுத்தால் தெளிவாகி, நிறுத்தினால் பால் போல வெளுத்துவிடும், இல்லையா? அது திரவப் படிகக் கண்ணாடி. ஆபீஸ் மீட்டிங் ரூமில் மறைப்புக்குப் போடுவது. வெளிச்சத்தைச் சிதறடிக்குமே தவிர வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. தெளிவாக இருக்கும்வரை கரண்டும் இழுக்கும், கரண்ட் போனால் தானாகவே வெளுத்துவிடும்.

நீங்கள் கேட்பது எலக்ட்ரோக்ரோமிக். விமானத்தில் இருப்பது ஜெல் வகை, கட்டடங்களில் பெரும்பாலும் டங்ஸ்டன் ஆக்சைடு பூச்சு. இந்தப் பூச்சு மின்சாரத்தால் நிறம் மாறுவதை 1969லேயே எஸ்.கே. டெப் என்ற விஞ்ஞானி எழுதிவிட்டார். வேலை செய்யும் விதம் ஏறக்குறைய பேட்டரி மாதிரிதான்: சில வோல்ட் கொடுத்தால் லித்தியம் அயனிகள் பூச்சுக்குள் புகுந்து அது நீலமாகும், மின்முனையைத் திருப்பினால் வெளியேறித் தெளியும். நிறம் மாறும்போதுதான் கரண்ட் தேவை, அப்படியே நிறுத்திவைக்க மிகக் கொஞ்சம் போதும். ஆனால் பெரிய கண்ணாடி முழுக்க இருளப் பல நிமிடங்கள் ஆகும், லைட் ஸ்விட்ச் போல எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இருண்ட கண்ணாடி வெயிலை உறிஞ்சி அதுவே சூடாகிவிடும். அதனால்தான் இரட்டைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் இதை வைத்து, நடுவில் காற்றோ ஆர்கான் வாயுவோ அடைத்து விற்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடியாகப் போட்டால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஹாலுக்குள்தான் வரும்.

சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டடத்துக்கு இது சரி. ஒரே ஒரு ஜன்னலுக்காக இரட்டைக் கண்ணாடி, வயரிங், கன்ட்ரோலர் என்று செலவு செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடும் அதைத் தடுக்காது. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிற்கும். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, அப்புறம் அதை ஏசிதான் வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: கரண்ட்டே இல்லாமல் வெயில் ஏறினால் தானாக மாறும் கண்ணாடி உண்டா? (திருச்சி வாசகர்)

பதில்: உண்டு, தெர்மோக்ரோமிக் என்பார்கள். அதிகம் பேசப்படுவது வனேடியம் டைஆக்சைடு பூச்சு. 68 டிகிரி செல்சியஸில் உலோகத்தன்மைக்கு மாறி, வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தடுக்கும். வெயில் தரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அதுதான் என்பதால் யோசனை அருமை. 68 டிகிரி நம் ஜன்னலுக்கு அதிகம், கொஞ்சம் டங்ஸ்டன் கலந்தால் அறை வெப்பநிலை அளவுக்கு இறக்கலாம். சிக்கல், மஞ்சள் பழுப்புச் சாயல். காசு கொடுத்து அழுக்குக் கண்ணாடி வாங்கியது போலத் தெரிந்தால் யார் போடுவார்கள்?

எந்தக் கண்ணாடி வாங்கினாலும் விற்பவரிடம் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேளுங்கள், விழும் வெயிலில் எவ்வளவு பங்கு வெப்பமாக உள்ளே வரும் என்பதன் அளவு அது. நல்ல எலக்ட்ரோக்ரோமிக் தெளிவாக இருக்கும்போது சுமார் 0.4, முழுதும் இருண்டால் 0.1 பக்கம். இரண்டு நிலைக்கும் எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.