பயணத்தின் நடுவே பழைய காரில் புதிதாக ‘டக் டக்’ சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஓரங்கட்டி வீல் நட்டுகளை ஸ்பேனரால் சோதியுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் சக்கரமே கழன்றுவிடும். மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்தான். வீல் கப்புகளையும் கழற்றிவிடுங்கள். உள்ளே சிக்கிய சிறு கல்கூடப் பயமுறுத்தும் அளவுக்குச் சத்தம் போடும்.

அடுத்து, வண்டியை நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை முறுக்கிப் பாருங்கள். அப்போதும் வந்தால் இன்ஜின், ஃபேன் பெல்ட், சைலன்சர் பக்கம் தேடவும். கனத்த தட்டலோடு ஆயில் பிரஷரும் குறைந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பாழாகும்.

ஓடும்போது மட்டும் வந்தால், காலியான நேர்சாலையில் 20 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றித் தட்டலை எண்ணுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள். இந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 3 முறை சுற்றும். தட்டலும் அதே கணக்கில் இருந்தால் கோளாறு சக்கரத்தில். பின்சக்கர இயக்க வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) சக்கரத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும் என்பதால், படபடவென்று வந்தால் அந்தத் தண்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். கிளட்சை விடும்போது ஒரு ‘டங்’ கேட்டால் சந்தேகம் வலுக்கும்.

இடப்பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்தான், ஏனென்றால் பாரம் அங்கே சாய்கிறது. சமதரையில் ஜாக்கி வைத்து, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், தொடர்ந்தால் சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளான கிங்பின் அல்லது பால் ஜாயின்ட்.