வடை கொடுத்து நடத்திய இன்டர்வியூ

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் நானும் மனைவியும்தான். சபையில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் சொன்னதும் பறந்துவிடுவார்கள். ஒரு ஞாயிறு நாலு பேரை அழைத்து டீயும் வடையும் கொடுத்து, படிப்பு, வேத வாசிப்பு பற்றி விசாரித்துக் கொஞ்சம் புத்தியும் சொன்னேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தேவையில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள சார்,

ஸ்தோத்திரம். தேவையில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் நடத்தியது இன்டர்வியூ. வடை நன்றாகவே இருந்திருக்கும், இருந்தாலும் இன்டர்வியூதான். மார்க் எவ்வளவு என்று அவனை வீட்டில் கேட்கிறார்கள், டியூஷனில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டிலும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி என்றால் அவன் ஓடத்தான் செய்வான்.

உங்கள் பக்கத்தில் அசனம், அதான் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, நடக்குமே, அதற்கு முந்தின ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அதே பையன்கள்தான் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் அடுப்பில் விறகைத் தள்ளியபடி பழைய கதை பேசுவார். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. கைக்கு வேலை இருக்கிறது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே பேச வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பையனும் வாயைத் திறக்கிறான். மறுநாள் பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவனும் அவன்தான்.

அந்த ராத்திரியில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரப் பாருங்கள். விருந்து வேண்டாம். இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், நீங்கள் சாப்பிடுவதையே அவர்களுக்கும் வையுங்கள். டிசம்பரில் ஸ்டார் கட்ட ஏணி பிடிக்க ஆள் வேண்டும். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் முறுக்கு பிழிய ஆள் வேண்டும். மாவில் உப்பு கூடிவிட்டது என்று நீங்களும் அம்மாவும் சண்டை போட்டால் தாராளமாகப் போடுங்கள், பிறகு எப்படிச் சமாதானம் ஆகிறீர்கள் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். வாலிபர் கூட்டத்தில் அதை யாரும் காட்டுவதில்லை. (எடுபிடி வேலைக்கு மட்டும் கூப்பிட்டால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

வேதத்தில் வரும் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் அப்போஸ்தலர் பவுலை வீட்டில் தங்க வைத்துக் கூடாரம் செய்தவர்கள். பிறகு எபேசுவில் பிரசங்கம் செய்த அப்பொல்லோவுக்குத் தெரியாதது இருக்கிறது என்று கண்டபோது, அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள். புத்தி சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவனாக ஒன்றைக் கேட்கும்வரை பொறுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பெற்றோருக்குச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். வாசல் கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்க வேண்டாம். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நல்லவர்களும் இந்த வழக்கத்தைப் பிடித்தால்தான் தப்பான ஆள் ஒளிய இடம் இருக்காது. யாரோ தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லிவிட்டு மூடிவிடக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

அப்புறம், உங்கள் கடிதம் முழுக்கப் பையன்கள்தான். அதே வயதுப் பெண் பிள்ளைகளும் சபையில் இருப்பார்களே? அவர்களை அம்மா கூப்பிடட்டும்.

பத்தாவதில் பழக ஆரம்பித்தால், பிளஸ் டூ முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ கிளம்புவதற்குள் இரண்டு, மூன்று வருஷம் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பொதுத்தேர்வு நெருக்கடி இருக்கும், அப்போது கூப்பிடாதீர்கள். வீட்டில் பணியாரம் சுட்டால் அவன் வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், போதும்.

அன்புடன்.