பதில் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்

கிளிநொச்சி வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்: கொழும்பு கோட்டையிலிருந்து ஊர் வர இரண்டாம் வகுப்பில் இருக்கை பதிவு செய்திருந்தார். விடுமுறைக் கூட்டத்தில் அவருடைய இருக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். கார்ட் கண்டுகொள்ளவில்லை. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் மிதிபலகையில் நின்றார். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் குலுங்கிப் புறப்பட்டபோது விழுந்து கால் முறிந்தது. இது நடந்து 1 வருடமும் 10 மாதமும் ஆகின்றன. முறைப்பாட்டுக்கு "விசாரணை நடக்கிறது" என்று பதில் வந்ததாம். விசாரணை முடிந்தபின் வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

முடிந்தபின் என்றால் போட முடியாது. இருக்கை போனதும் கார்ட் கண்டுகொள்ளாததும் அநியாயம்தான், ஆனால் வழக்கு அதில் நிற்கவில்லை. நீங்கள் விழுந்த திகதியில் நிற்கிறது. உடற்காயத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்கைக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, அதாவது வழக்குகளுக்குக் காலக்கெடு வைக்கும் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரயில் அரசாங்கத்துடையது என்பதால் எதிராளி சட்டமா அதிபர். அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, ஒரு மாதம் கழிந்த பிறகுதான் வழக்குப் போடலாம். மிச்சமிருக்கும் இரண்டு மாதத்தில் ஒன்று அதற்கே போய்விடும். அந்த மாதத்தைக் கடைசியில் கூட்டித் தருவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள்.

நான் கண்ட ஆட்கள் விழுந்த குழி இதுதான். ஒரு தகப்பன் பைல் நிறையக் கடிதங்களோடு வந்தார். எல்லாவற்றிலும் "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்றுதான் இருந்தது. இரண்டு வருடம் தாண்டி மூன்று கிழமை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்த மனிதரின் முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. விசாரணை நடப்பதாலோ கடிதம் வருவதாலோ காலம் நிற்காது. உங்கள் முறைப்பாடு சட்டம் கேட்கும் அறிவித்தலும் ஆகாது. அறிவித்தலில் வழக்குக்கான காரணம், உங்கள் பெயர், முகவரி, கேட்கும் நிவாரணம் எல்லாம் இருக்க வேண்டும்.

வன்னியில் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது: யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காலவிதிப்பில் சலுகை உண்டு என்று. 2016 இல் வந்த அந்தச் சட்டம் 1983 முதல் 2009 வரை வழக்குப் போட முடியாமல் போனவர்களின் காணி உரிமைக்கானது. உங்கள் காலுக்கு அது உதவாது.

அப்புறம், ஆஸ்பத்திரியில் பொலிசார் எடுத்த வாக்குமூலம். சிங்களத்தில் எழுதியதை வாசிக்காமலே கையெழுத்து வைத்ததாகச் சொல்கிறீர்கள். "நானே மிதிபலகையில் நின்று வழுக்கி விழுந்தேன்" என்று அதில் இருந்தால், உங்களை முதலில் மடக்கப்போவது அந்த வரிதான். பிரதியை உடனே எடுத்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். மிதிபலகையில் நின்றதை மறைக்க முடியாது. உள்ளே இடமில்லை என்பது உண்மைதான், ஆனாலும் உங்கள் கவனயீனத்தின் அளவுக்கு நீதிமன்றம் நட்டஈட்டைக் குறைக்கும். வழக்கு கிளிநொச்சியில் நடக்காது. விழுந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ கொழும்பிலோதான். கொழும்பு என்றால் ஒவ்வொரு தவணைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல், அந்தக் காலோடு, அதே ரயிலில். ஆகவே வைத்தியச் செலவையும் வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளத்தையும் ஈடுசெய்யும் தொகை பேச்சில் வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். ஆனால் பணம் கைக்கு வரும்வரை வழக்கைத் தாக்கல் செய்யும் வேலையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அறிவித்தல் இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் போக வேண்டும், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.