தரையில் நின்று மரவிதானத்தை அளப்பது: லேசர் ஸ்கேனர் கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): சார், முக்காலியில் ஸ்கேனரை நிறுத்தி ஒரு சுற்று சுற்றவிட்டால் போதாதா? ஏன் பத்து மீட்டருக்கு ஒரு தடவை நகர்த்தச் சொல்கிறார்கள்?

பதில்: போதாதும்மா. முன்னால் ஒரு பருத்த அடிமரம் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் பதிவாகாது. ஒரு ஹெக்டேர் காட்டில் பத்து மீட்டர் கட்டம் போட்டால் 121 இடங்கள் வரும். ரீகல் விஇசட்-400 மாதிரிக் கருவி மேல்கீழாக 100 டிகிரிதான் பார்க்கும். நேர் உச்சி விட்டுப்போகும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் கருவியைச் சாய்த்து இன்னொரு ஸ்கேன். ஆக 242. ஒரு ஸ்கேனை அடுத்ததோடு பொருத்த, இரண்டு இடத்திலிருந்தும் தெரிகிற மாதிரி ஒளி திருப்பும் குறிகளையும் நட்டுக்கொண்டே போக வேண்டும். புதர் மண்டிய இடத்தில் பாதி நேரம் இதற்கே போய்விடும்.

கேள்வி: இலைப்பரப்புக் குறியீட்டை, அதாவது ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பதை, இதிலிருந்து எப்படி எடுப்பது?

பதில்: அனுப்பிய கதிர்களில் எத்தனை எதிலும் படாமல் வானத்துக்குத் தப்பின என்று எண்ணுவதுதான் அடிப்படை. இலைகள் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று தெரியாதே என்பீர்கள். செங்குத்திலிருந்து 57.5 டிகிரியில் அது பெரிதாகப் பொருட்டில்லை. எந்தச் சாய்வு இலையும் கதிருக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழப் பாதிதான். அந்தக் கோணத்தில் நூற்றுக்கு 5 கதிர் தப்பினால் குறியீடு சுமார் 3.2. ஆனால் கிளையும் அடிமரமும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கும். இதை அப்படியே இலைப்பரப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (வனத்துறை நண்பர்): மரத்தை வெட்டாமலே எடை சொல்லிவிடலாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: அடிமரம், பெருங்கிளைகள் வரை நம்பலாம். லேசர் கதிர் பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளியாகப் பதிவாகும். அந்தப் புள்ளிகளின் மேல் சின்னச் சின்ன உருளைகளைப் பொருத்தி, கன அளவைக் கூட்டி, மர அடர்த்தியால் பெருக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் யூகலிப்டஸ் மரங்களை முதலில் ஸ்கேன் செய்து, பிறகு வெட்டி எடை போட்டே பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு: ஸ்கேனர் கணக்கு சுமார் 10% கூடுதல். சுற்றளவை வைத்துப் போடும் வழக்கமான சமன்பாடுகளோ 30 முதல் 37% வரை குறைத்துக் காட்டின. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைதம் காட்டில் ஸ்கேனர் கணக்கு, சமன்பாடு சொன்னதைப்போல 1.77 மடங்கு வந்தது.

இனி விக்டோரியாவில் வந்த அந்த 10% கூடுதலுக்கு வருகிறேன். சிறு கிளைகள்தான் வழக்கமான குற்றவாளி. முதலில் சொன்ன ரீகல் கருவியின் கதிர், 30 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அகலமாகிவிடும். விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு குச்சியின் ஓரத்தில் கதிர் பட்டாலும் புள்ளி பதிவாகும். அதன் மேல் பொருத்தும் உருளை குச்சியைவிடத் தடிமனாக வரும். ஆயிரக்கணக்கான குச்சிகளில் இது சேர்ந்தால் சும்மா இல்லை. இலையுதிர் காடு என்றால் இலை கொட்டிய பிறகு எடுங்கள். பாதித் தலைவலி குறையும்.

கேள்வி: மர உயரத்துக்கு எது மேல்? தரையா, விமானமா?

பதில்: நெருக்கமான காட்டில் விமானம். கீழிருந்து பார்த்தால் நுனியைக் கீழ்க்கிளைகளே மறைத்துவிடும். மலேசியாவின் சபா மாநிலத்தில் ‘மெனாரா’ என்ற மரத்தை 2018இல் வான்வழி லேசரில்தான் கண்டுபிடித்தார்கள். தரை ஸ்கேனும் எடுத்தார்கள். ஆனால் 100.8 மீட்டர் என்று முடிவானது, 2019 ஜனவரியில் ஒருவர் உச்சி வரை ஏறி டேப்பைத் தொங்கவிட்ட பிறகுதான். எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

கேள்வி: ஐபோனில் இருக்கும் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) போதுமா அண்ணா?

பதில்: அது எட்டுவது ஐந்து மீட்டர். அடிமரச் சுற்றளவுக்குச் சரி, விதானத்துக்கு வேண்டாம்.

கேள்வி: காற்று அடித்தால்?

பதில்: நிறுத்திவிடுங்கள். ஒரே கிளை இரண்டு ஸ்கேனில் இரண்டு இடத்தில் பதிவாகி, ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். பின்னால் எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. மழை பெய்து இலை நனைந்திருந்தாலும் காத்திருங்கள். ரீகல் கருவி அனுப்பும் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியை நீர் நன்றாக உறிஞ்சும், திரும்பி வரும் ஒளி குறைந்துவிடும். அப்புறம், பேட்டரி இரண்டு செட்டாவது கையில் இருக்கட்டும்.